உட்காராத காரும் உட்கார்ந்த காரும்

அத்தியாயம் 6

"எலுமிச்சம்பழத்தைப் புதைச்சிட்டீங்களா?" தண்டையார்பேட்டைத் துப்பறியும் ஆபீஸில் ஜானட் நிமிர்ந்து பார்த்தாள்.

வால்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா. தீர்த்தம் தெளிச்சி, சுவத்தோரமா குழி தோண்டி, மேல உப்பையும் கொட்டிப் புதைச்சிட்டேன். யாராண்டயும் சொல்லல. கோயிலுக்கே எவனோ சூனியம் வெச்சிட்டான்னு தெரிஞ்சா ஜனங்க பயந்துடும்ல?"

அவளுடைய உதவியாள், ஆட்டோக்காரன் ஷாரிக்குக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இருமுவது போலப் பாசாங்கு செய்து விழுங்கினான். வேலையும் வீடும் போகப்போகிறது என்று கலங்கி நிற்கிற மனிதர் முன்னால் சிரித்துவைத்தால் ஜானட் அக்கா முறைப்பாள். அந்த முறைப்புக்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு கூட இறங்காது.

வால்டர் ராயபுரத்தில் ஒரு சின்ன மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான். குடியிருப்பதும் கோயில் வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டில். கோபுரத்து உத்தரம் உளுத்துப்போனதால் வெண்கல மணியைச் செயின் கப்பி போட்டு இறக்கி, பின்பக்கக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். புது உத்தரம் வந்தாயிற்று. ஏற்றலாம் என்று கொட்டகையைத் திறந்தால், செயின் கப்பி மட்டும் அம்போவென்று தொங்குகிறது. மணியைக் காணோம். இருநூறு கிலோ கனம் அது.

சாவி யாரிடம்? வால்டரிடம். இன்னொரு சாவி கமிட்டி பீரோவில் இருக்கிறது என்பதை யாரும் கேட்பதாக இல்லை. இன்று சாயங்காலம் திருவிழாக் கொடியேற்றம். கொடி ஏறும்போது மணி அடிக்காவிட்டால், வால்டர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. மேசையைத் தட்டி அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கமிட்டி உறுப்பினர் அலெக்ஸாண்டர். எண்ணூர் போகிற வழியில் பழைய கார் வாங்கி விற்கிறவர்.

"திரும்பச் சொல்லுங்க வால்டர் அண்ணே. கடைசியா எப்போ மணியைப் பார்த்தீங்க?" என்றாள் ஜானட்.

"சனிக்கெழம கல்யாணத்துக்கு முன்னாடி. மறுநா காலையில இல்ல. நடுவுல பின்பக்க கேட்டுல வந்து போனது ஒரே ஒரு வண்டி. பொண்ணு மாப்ள வந்த கறுப்புக் காரு, அலெக்ஸாண்டர் சார் வண்டி. ஆனா அதுல மணி போவலம்மா. கேட்டைத் தொறந்து வுட்டதே நான்தான், கண்ணால பார்த்தேனே. டிக்கில மணி இருந்தா பின்னாடி குந்திக்கும்ல? கொஞ்சங்கூட எறங்கல. நேரா நிமிர்ந்துகினு போச்சு."

ஷாரிக் தலையில் அடித்துக்கொண்டான். "நைனா, உன்னைக் காப்பாத்திக்க இருந்த ஒரே வண்டியையும் நீயே அனுப்பி வுட்டுட்டியே!"

"பார்த்ததைத்தான சொல்ல முடியும்?" என்றார் வால்டர்.

"கார்ல யார் யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள் ஜானட்.

"ஓட்டுனது அலெக்ஸாண்டர் சாரு. பின்சீட்டுல பொண்ணு, மாப்ள, நடுவுல பொண்ணோட பெரியம்மா சிலுவையம்மாள்."

"எந்த சிலுவையம்மாள்? காசிமேட்டுல மீன் ஏலம் வுடுறவங்களா?" ஷாரிக் துள்ளினான். "யக்கா, அவங்க என் ஆட்டோல ஏறுனா முன்சக்கரம் ரோட்டை வுட்டுத் தூக்கிக்கும்க்கா! நான் ஹேண்டில்பார் மேல படுத்துக்கினுதான் ஓட்டுவேன்."

ஜானட் சட்டென்று எழுந்துவிட்டாள். துப்பறிய வருவதற்கு முன்னால் அவள் துறைமுகத்தில் சர்வேயர். கப்பலிலிருந்து இறங்குகிற கார்களில் எது அடிபட்டது, எது அடிபடாதது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. காரின் வயிற்றுக்கு அடியில் இருப்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"சிலுவையம்மாளே ஏறி உக்கார்ந்தும் பின்னாடி இறங்கலையா?" என்றாள் மெதுவாக. "எந்தக் கார்னாலும் ஒரு விரக்கடையாவது இறங்கணுமே. இறங்கலைன்னா அந்தக் காருக்குக் கீழ ஸ்பிரிங் இல்ல ஷாரிக். காத்து."

"காத்தா?"

"ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா நாலு சக்கரத்துக்கும் ரப்பர் பை இருக்கும். பாரம் ஏறினா வண்டியே அந்தப் பையில இன்னும் கொஞ்சம் காத்தை ஏத்திச் சமமா நிமிர்ந்துக்கும். மணி வெச்சாலும் நிமிர்ந்துக்கும், சிலுவையம்மாள் ஏறினாலும் நிமிர்ந்துக்கும். ஆனா பையில ஒரு சின்ன ஓட்டை இருந்தா, என்ஜினை அணைச்சு நிறுத்தினதும் காத்து இறங்கி இறங்கி வண்டி தரையோட தரையா உக்கார்ந்துடும்." வால்டரிடம் திரும்பினாள். "அந்த எலுமிச்சம்பழம் எங்க நசுங்கிக் கிடந்துச்சு?"

"கல்யாணக் காரு நின்ன எடத்துலதான். ரெண்டு சக்கரத்துக்கும் நட்ட நடுவுல. பழம், பச்ச மொளகா, கறுப்புக் கயிறு எல்லாம் தட்டையா கெடந்துச்சு."

"சக்கரம் ஏறியிருந்தா நடுவுல கிடக்காது. முன்பக்கம் திருஷ்டிக்குக் கட்டின பழம் அண்ணே அது. பூசை முடியற வரைக்கும் கார் நின்னுச்சு, காத்து இறங்குச்சு, மூக்கு தரையில உக்கார்ந்து தன் பழத்தைத் தானே நசுக்கிடுச்சு. கிளப்பும்போது நிமிர்ந்து போயிடுச்சு. உங்க கோயிலுக்கு யாரும் சூனியம் வெக்கல."

வால்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அப்போ நான் சாட்சியையா புதைச்சேன்?"

"தீர்த்தம் தெளிச்சி மரியாதையாத்தான புதைச்ச, வுடு நைனா," என்றான் ஷாரிக்.

*

ஷாரிக்கின் ஆட்டோ திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் சாலையில் குதித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. லாரிகள் தோண்டிவைத்த பள்ளம் ஒவ்வொன்றிலும் ஆட்டோ இறங்கி ஏற, பின்சீட்டில் வால்டர் ஒவ்வொரு முறையும் "மாதாவே" என்றார்.

"யக்கா, இந்த ஆட்டோல இன்னா சஸ்பென்ஷன் தெரியுமா? என் இடுப்புதான் ஸ்பிரிங், பெருமூச்சுதான் காத்து."

"கேட்டுக்கோ. நீதான் கார் வாங்க வந்தவன். நான் உன் அக்கா. அலெக்ஸாண்டர் என்னைப் பார்த்ததில்ல, நம்ம ஆபீஸ் தண்டையார்பேட்டைங்கிறதால கோயில் பக்கம் யாருக்கும் என்னைத் தெரியாது. ஏர் வாங்கறதா, காயில், அதான் சுருள் ஸ்பிரிங் வாங்கறதான்னு உனக்குக் குழப்பம். அவரைப் பேச விடு."

"துட்டு?"

"வாங்கற மாதிரி நடிக்கத்தான் சொன்னேன்."

"நடிக்கவே பயமா கீதுக்கா. உஸ்மா காதுல வுழுந்தா நெசமாவே ஒண்ணு வாங்கிக் குடுன்னு குந்திக்குவா," என்றான் ஷாரிக். உஸ்மா அவன் மனைவி. வீட்டில் கார் பேச்சை எடுத்தது அவள்தான்.

அலெக்ஸாண்டரின் ஷெட்டுக்குச் சற்றுத் தள்ளி ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பக்கமும் மழைத் திரையை இறக்கி, கூப்பிடும் வரை வெளியே வரக்கூடாது என்று வால்டரை உள்ளேயே உட்காரவைத்தார்கள். கையில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடி அவர் தலையாட்டினார்.

*

அலெக்ஸாண்டர் வெள்ளைச் சட்டையும் வாய் நிறையச் சிரிப்புமாக வரவேற்றார். ஷெட்டில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வெளிநாட்டுக் கார்கள். ஒன்று பளபளவென்று முன்னால் நின்றது. இன்னொன்று பின்மூலையில், வயிறு தரையில் படக் குந்தியிருந்தது. அனல் மின்நிலையத்துச் சாம்பல் அதன் மேல் கனமாகப் படிந்திருக்க, சக்கரங்களைச் சுற்றிப் புல்லே முளைத்திருந்தது.

"இதுல எது ஏரு, எது ஸ்பிரிங்கு பாஸு?" என்றான் ஷாரிக்.

"பாய், சரியான கேள்வி கேட்டீங்க! நம்ம ஏரியாவுக்கு ஏர் வேணவே வேணாம். ஓட்டும்போது தொட்டில் மாதிரி சுகமா கீதுன்னு சொல்லுவான், நம்பாதீங்க. பையில ஓட்டை வுழுந்தா தொலைஞ்சுது. தோ, மூலையில குந்திகினு கீதே, அதான் ஏரு. போன மழைக்கு உக்கார்ந்தது, இன்னும் எந்திரிக்கல." முன்னால் நின்ற காரைத் தட்டினார். "இது காயில் ஸ்பிரிங். கம்பெனியில வரும்போதே காயில். பள்ளத்துல தூக்கிப் போடும், ஆனா ஆயுசுக்கும் பேஜாரு இல்ல. ராசியான வண்டி பாய். சனிக்கெழம எங்க கோயில் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்ளயை ஏத்தினு போனதே இதான்!"

ஷாரிக் ஜானட்டைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் போனது காயில் காரா?

"பின்னாடி பாரம் ஏத்தினா இறங்குமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள் ஜானட்.

"நீங்களே பாருங்க மேடம். பாய், டிக்கில ஏறி உக்காருங்க!"

ஷாரிக் ஏறி உட்கார்ந்தான். கார் பின்பக்கம் இரண்டு விரக்கடை இறங்கியது. "பார்த்தீங்களா? ஒளிவு மறைவே கெடையாது. ஒரு மூட்டை வெச்சாக்கூட ஊருக்கே சொல்லிடும்," என்று அலெக்ஸாண்டர் அழுத்திச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் யாருக்காகவோ பலமுறை சொல்லிப் பழகியிருந்தது தெரிந்தது.

ஷாரிக்குக்குப் பொசுக்கென்று போய்விட்டது. காயில் காரென்றால் சிலுவையம்மாள் ஏறியதும் குந்தியிருக்கும், குந்தவில்லை என்கிறார் வால்டர். ஏர் கார்தான் போயிருக்கும் என்றால், சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடக்கிறது, அது மழைக்காலத்திலிருந்தே நகரவில்லை. பாவம் வால்டர், எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து அவர் வேலையையும் புதைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

குந்திய காரைச் சுற்றி வந்தான். கைக்கு வேலை வேண்டுமே. முன்மூடியில் படிந்திருந்த சாம்பலில் விரலால் 'உஸ்மா' என்று எழுதினான். அழகாக வந்தது. பின்பக்கம் போய் டிக்கி மேல் தன் பெயரை எழுதப் பார்த்தான். விரல் வழுக்கியது. அங்கே எழுதுவதற்குச் சாம்பலே இல்லை.

"பாய், அத்த வுடுங்க, கலீஜா கீது. இங்க வந்து சீட்டுல உக்கார்ந்து பாருங்க," என்று அலெக்ஸாண்டர் அவசரமாகக் கூப்பிட்டார்.

ஷாரிக் பளபள காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். உள்ளே சர்வமத மாநாடே நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் மாதா, வெளியே முன்பம்பரில் புது எலுமிச்சம்பழம். "விக்கிற வண்டி பாரு, எல்லாரும் வருவாங்கல்ல," என்றார் அலெக்ஸாண்டர். கியருக்குப் பக்கத்தில், காபி டம்ளர் வைக்கும் குழிக்குக் கீழே, பச்சை நிறத்தில் 786 ஸ்டிக்கர்.

ஷாரிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாப்பாவின் சைக்கிளில் 786 இருந்தது, அவன் ஆட்டோவிலும் இருக்கிறது. எப்போதும் உச்சியில், கண்ணுக்கு நேராக. காபி சிந்துகிற இடத்தில், தொடைக்குக் கீழே அதை ஒட்டுகிறவனை அவன் பார்த்ததே இல்லை. ஒட்டியவருக்கு அது என்னவென்று தெரியாது. இங்கே ஏதோ ஒன்றை மறைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

மனசுக்குள் பிஸ்மி சொல்லிவிட்டு, நகத்தால் ஒரு மூலையை மெதுவாகத் தூக்கினான். கீழே ஒரு பட்டன். அதில் சின்னதாக ஒரு கார் படம், மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு.

"யக்கா!" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "வண்டி ரொம்பப் பிடிச்சிருக்குக்கா. லிஃப்ட்டு கூட வெச்சிருக்காங்க. மேல போக ஒண்ணு, கீழ எறங்க ஒண்ணு!"

ஜானட் அப்போது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையால் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அலெக்ஸாண்டர் சார், இந்தக் காயில் கம்பெனியிலேயே போட்டதா?"

"சத்தியமா மேடம்."

"எண்ணூர்ல காலையில துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மத்தியானம் சாம்பலா இருக்கும். உப்புக்காத்துல ஜன்னல் கம்பியே ஒரே மழைக்குத் துருப்பிடிச்சுடும். உங்க ஸ்பிரிங் மட்டும் மாப்பிள்ளை மோதிரம் மாதிரி மினுக்குது. பெயின்ட் வாசனை கூடப் போகல."

அலெக்ஸாண்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அது... சர்வீஸ் பண்ணேன்."

"நல்லது. முடிவு பண்ணிட்டோம்," என்றாள் ஜானட். "காயில் வேணாம். மூலையில குந்தியிருக்கிற ஏர் வண்டியையே எடுத்துக்கறோம்."

"அதுவா? அது குப்பை மேடம்!"

"பரவாயில்ல. பார்ட்ஸுக்கு ஆகும். இப்பவே ஆள் வெச்சு இழுத்துட்டுப் போறோம்."

"விக்க மாட்டேன்!" அலெக்ஸாண்டர் குரல் உடைந்தது. "அத விக்கிறதா இல்ல!"

ஷாரிக் காரைவிட்டு இறங்கி வந்தான். "யக்கா, பழைய காரு விக்கிறவன் காயலான் கடைக்குப் போற வண்டியைக்கூடப் புதுசுன்னு சொல்லித் தலையில கட்டுவான். விக்க மாட்டேன்னு அழுவுறவரை இப்பத்தான் பாக்குறேன்!"

"டிக்கி மேல சாம்பல் இல்லைன்னு நீதான எழுதிப் பார்த்த ஷாரிக், யாரோ இப்பத்தான் அதைத் திறந்து மூடியிருக்காங்க. போ, அந்தப் பின்பம்பர்ல ஏறிக் குதி."

"குதிக்கவா?"

"அதுல ஸ்பிரிங்கும் இல்ல, காத்தும் இல்ல. குதிச்சா குலுக்கல் நேரா டிக்கிக்குள்ள போகும்."

அலெக்ஸாண்டர் குறுக்கே ஓடிவருவதற்குள் ஷாரிக் ஏறிவிட்டான். கையிரண்டையும் விரித்து, ஒரே குதி.

உள்ளேயிருந்து பதில் வந்தது. கோணிச் சாக்கு சுற்றிய, மூக்கடைத்த குரல்தான். ஆனாலும் மணியோசைதான்.

'ணங்ங்...'

ஷெட்டுக்கு வெளியே ஆட்டோவின் திரை விலகியது. கூப்பிடும் வரை வரக்கூடாது என்று சொன்னது வால்டருக்கு மறந்தே போய்விட்டது. செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் விழ ஓடிவந்தார். "எங்க மணிம்மா! எங்க மணிதான் அது! காய்ச்சல் வந்தா மாதிரி கத்துது பாவம்!" என்று அந்தச் சாம்பல் காரைக் கட்டிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். ஷாரிக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாம்பல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டான்.

அலெக்ஸாண்டர் ஒரு பழைய டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க," என்றாள் ஜானட். "கமிட்டி பீரோ சாவியை எடுத்தீங்க. ஊர் பூசையில இருந்தப்போ கொட்டகையைத் திறந்து, தொங்கற செயின் கப்பியை வெச்சே மணியை டிக்கில இறக்குனீங்க. பொண்ணு மாப்பிள்ளையோட மணியும் ஊர்வலம் போச்சு. அப்போ அந்தப் பளபள வண்டியும் ஏர் வண்டிதாங்கிறதால ஒரு விரக்கடைகூட இறங்கல. ஆனா அந்தப் பாரத்தோட இந்த ரோட்டுல ஓட்டினதுல ஏற்கெனவே ஓட்டையா இருந்த பை கிழிஞ்சே போச்சு."

"ஏர் பை எங்க கெடைக்குது, யானை வெலை..." என்று அலெக்ஸாண்டர் முனகினார். "அதான் காயில் மாட்டுனேன். மாட்டுன அப்பாலதான் தோணுச்சு, இதையே சாட்சியா காட்டலாமேன்னு."

"மணியை ஒளிக்க இந்த வண்டி. ஏற்கெனவே குந்திட்ட வண்டி எவ்வளவு பாரம் ஏத்தினாலும் இன்னும் குந்தாது. நல்ல மூளை சார். யாருக்கு விக்கறதா இருந்தீங்க?"

"யாரோ ரிசார்ட்டுக்காரரு. வாசல்ல தொங்கவுடப் பழைய மணி கேட்டாரு," என்றார் அலெக்ஸாண்டர், தலை நிமிராமல்.

"அதுக்கு ஒரு மனுஷனை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தீங்களே," என்றாள் ஜானட். அப்போதுதான் அவள் குரலில் கோபம் வந்தது.

*

ஜானட் போன் செய்ததும் சப்-இன்ஸ்பெக்டர் நர்மதா வந்து, அலெக்ஸாண்டரை ஜீப்பில் ஏற்றி, டிக்கியைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "மணி சாட்சிப் பொருள் மேடம். ஸ்டேஷனுக்கு வரணும்."

வால்டரின் முகம் வாடிவிட்டது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"இருநூறு கிலோவை ஸ்டேஷன்ல எங்க மேடம் வெப்பீங்க? ரைட்டர் மேசை மேலயா?" என்றான் ஷாரிக். "கோபுரத்துல தொங்கவுட்டா எங்கயும் ஓடாது. மூணு வேளையும் 'நான் இங்கதான் கீறேன்'னு அதுவே கூவும்."

நர்மதா சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார். பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோயிலிலேயே ஒப்படைப்பதாக முடிவாயிற்று. அடுத்து, எந்த வண்டியில் கொண்டுபோவது? ஆட்டோ தாங்காது. குந்திய கார் எழுந்திருக்காது.

"காயில் வண்டிதான்," என்றாள் ஜானட்.

மணியை ஏற்றியதும் பளபள கார் பின்பக்கம் நன்றாகக் குந்தியது. வால்டரும் டிக்கிக்குள்ளேயே ஏறி, மணியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடி திறந்தே இருந்தது. "பின்னாடி ரொம்ப எறங்கிடுச்சேக்கா, ஊரே பாக்கும்," என்றான் ஷாரிக், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"பார்க்கட்டும். அதுக்குத்தான் இந்த வண்டி," என்றாள் ஜானட்.

திருவொற்றியூர் முழுக்கப் பார்த்தது. காசிமேட்டில் சிலுவையம்மாள் ஏலத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஒவ்வொரு பள்ளத்திலும் கார் இறங்க இறங்க மணி ஒரு குரல் கொடுத்தது. ராயபுரத்தில் கொடிமரத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டிருந்தது, கொடி இன்னும் ஏறவில்லை. பின்பக்க கேட் மட்டும் பூட்டியிருக்க, கமிட்டிக்காரர்கள் உள்ளேயிருந்து கம்பி வழியாக வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வால்டர்தான் டிக்கியிலிருந்து இறங்கி வந்து கேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி இன்னும் அவரிடம்தானே இருந்தது.